கட்டில்கம்பியிடம் கேட்டது

முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தேன். மற்ற பாடங்களில் நான் அவ்வளவு மோசமில்லை. சிரிப்பேன், கதை சொல்வேன், தப்புப் போட்டால் காதைக்கூடத் திருகமாட்டேன். ஆனால் மரியாதையாகக் கேட்பது எப்படி என்ற பாடம் வந்துவிட்டால் எனக்குப் பேய் பிடித்துக்கொள்ளும். "மே ஐ கோ அவுட், மிஸ்?" என்று எந்தப் பிள்ளையாவது தரையைப் பார்த்துக் கேட்டால் விடமாட்டேன். "யாரைக் கேக்கறே? தரையையா? தரை உன்னை வெளியே விடுமா? என் மூஞ்சியைப் பார்த்துக் கேள்!" என்று கத்துவேன். ஒரு தடவை ஒரு பெண் குழந்தை, பாவம், கூச்சத்தில் நிமிர முடியாமல் நின்ற இடத்திலேயே பாவாடையை நனைத்துக்கொண்டது. அதன் அம்மா வந்து என்னைக் கிழி கிழி என்று கிழித்துவிட்டுப் போனாள். கிழிக்கட்டும், நான் செய்தது தப்புதான். அடுத்த வருஷமும் அதே பாடத்தில் அதே மாதிரிதான் கத்தினேன்.

அதற்குக் காரணம் என் அக்கா. இதை நான் இதுவரை ஒரே ஒருத்தியிடம்தான் சொல்லியிருக்கிறேன். சொன்னதற்கு என்ன கிடைத்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

எங்களுக்கு அப்பா அம்மா இல்லை. அக்காவை நகரியில் ஒரு நெசவுக் குடும்பத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். வீட்டில் நாலு தறி. மாமனார் வைத்ததுதான் சட்டம். அந்த வீட்டில் மருமகள் மாமனாரிடம் நேராகப் பேசக்கூடாது. எதைச் சொல்வதானாலும் கூடத்துத் தூணைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். "சோறு ஆயிடிச்சாம்" என்பாள் தூணிடம். "நூல்காரர் வந்துகினு கீறாராம்" என்பாள். 'ஆம்' போட்டுவிட்டால் அது அவள் சொன்னதாக ஆகாது, யாரோ சொன்னதாக ஆகிவிடும். மாமனாரும் தூணைப் பார்த்தே பதில் சொல்வார். அதில் அவருக்கு ஒரு சௌகரியம் இருந்தது. பிடிக்காத பேச்சு வந்தால் காதில் விழாத மாதிரி இருந்துவிடலாம். தூணிடம் சொன்னதற்கு அவர் எப்படிப் பொறுப்பாவார்?

அக்காவுக்கு இருமலில் ரத்தம் வந்தபோது அவள் மகளுக்கு மூன்று வயது. சித்தூரைத் தாண்டி, கங்காதர நெல்லூர் போகிற ரோட்டில் அப்போது ஒரு மிஷன் ஆஸ்பத்திரி இருந்தது. அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று முடிவானது. கிளம்புகிற அன்று அக்கா தூணைப் பிடித்துக்கொண்டு, "கொழந்தைய மாசத்துக்கு ஒரு தபாவாவது இட்டுக்கினு வந்து காட்டணுமாம்" என்று சொன்னாளாம். மாமனார் நூலுக்குக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தார். போட்டுக்கொண்டே இருந்தார். அவருக்குப் பேத்தி மேல் உயிர். வியாதி குழந்தைக்கு ஒட்டிக்கொள்ளும் என்ற பயமும் இருந்திருக்கும், இல்லை என்று சொல்லமாட்டேன். அக்காவின் புருஷன் அப்பா முன்னால் வாயைத் திறக்காத மனிதர். ஆஸ்பத்திரிக்கு ஒரே ஒரு தடவை வந்தார், தனியாக.

நான் அப்போது திருப்பதியில் ஹாஸ்டலில் தங்கி டீச்சர் டிரெயினிங் படித்துக்கொண்டிருந்தேன். ஆந்திரா தனி ராஜ்யமாகப் பிரிந்திருந்த நேரம். நேற்றுவரை மதராஸ் என்று இருந்த பலகைகளையெல்லாம் தெலுங்கில் மாற்றி எழுதிக்கொண்டிருந்தார்கள். எல்லை எங்கே விழும், நகரி எந்தப் பக்கம், திருத்தணி எந்தப் பக்கம் என்று டீக்கடைக்கு டீக்கடை சண்டை. எங்கள் டிரெயினிங் பள்ளிக்கூடத்தில் இனிமேல் பரீட்சையைத் தெலுங்கில் எழுது, இல்லாவிட்டால் இங்கிலீஷில் எழுது என்று சொல்லிவிட்டார்கள். எனக்குத் தெரிந்த தெலுங்கு கத்தரிக்காய்க்குப் பேரம் பேசுகிற தெலுங்கு. சரி, இங்கிலீஷே தொலையட்டும் என்று பழைய புத்தகக் கடையில் ஒரு கிராமர் புத்தகம் வாங்கி, பழுப்புத் தாள் அட்டை போட்டு, போகிற இடத்துக்கெல்லாம் தூக்கிக்கொண்டு அலைந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் சித்தூர் போவேன். அக்காவின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, பாதி நேரம் அவளோடு பேசுவேன், பாதி நேரம் பாடத்தை உருப்போடுவேன். அக்கா அஞ்சாவது வரை படித்தவள், தமிழில். ஆனால் மூளை என்றால் அது மூளை. நான் மூன்று தடவை படித்தால் மண்டையில் ஏறாதது அவளுக்கு ஒரு தடவையில் ஏறிவிடும்.

அந்த வார்டில் குழந்தைகளை விடமாட்டார்கள். கேட்டுக்கு உள்ளேயே விடமாட்டார்கள். ஆனால் அங்கே இருந்த நர்ஸ் ஒருநாள் அக்காவிடம் ஒரு வழி சொன்னாள். பெரிய டாக்டரம்மா ஞாயிறு காலையில் ரவுண்டு வருவார். அவர் மனசு வைத்தால் வீட்டுக்குச் சீட்டு எழுதி அனுப்புவார், குழந்தையைத் தூரத்தில் நிறுத்திக் காட்டச் சொல்லுவார். "நுவ்வே அடகாலம்மா" என்றாள் நர்ஸ். நீயேதான் கேட்க வேண்டும் என்று அர்த்தம். சொந்தக்காரர்கள் பொய்யும் புளுகுமாகச் சொல்லி நோயாளிகளைப் பாதியில் கூட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள் என்று, டாக்டரம்மா அவர்கள் பேச்சைக் காதிலேயே வாங்கமாட்டாராம். அவர் கடல் கடந்து வந்தவர். தெலுங்கில் அவருக்குத் தெரிந்தது மருந்து, இருமல், படு, எழுந்திரு, அவ்வளவுதான்.

"தெலுங்குல சொல்லு, நான் மாத்திச் சொல்றேன்னு நர்ஸம்மா சொல்லுது" என்றாள் அக்கா. "வேணாம்னுட்டேன். தூணாண்ட சொல்லிச் சொல்லியே என் காலம் போச்சுடி. என் புள்ளைய நானே நேரா கேக்கறேன். நீ எனக்கு இங்கிலீஷ்ல சொல்லிக் குடு."

எனக்குத் தலைகால் புரியவில்லை. எனக்கும் ஒரு மாணவி! அன்றைக்கே ஆரம்பித்துவிட்டேன். முதலில் 'கிவ் மீ' என்று ஆரம்பித்தால் அது அதிகாரம் பண்ணுவது, 'ப்ளீஸ்' சேர்த்தால் கொஞ்சம் தேவலை, 'வில் யூ' இன்னும் தேவலை, 'வுட் யூ' என்றால்தான் முழு மரியாதை என்று புத்தகத்தில் இருந்ததை அப்படியே ஒப்பித்தேன். 'வில்' என்பதன் இறந்தகால வடிவம்தான் 'வுட்' என்றும் சொன்னேன்.

அக்கா யோசித்தாள். "இன்னைக்குக் கேக்கறதுக்கு நேத்து வார்த்தை எதுக்கு?"

எனக்குத் தெரியவில்லை. புத்தகத்திலும் இல்லை. அவளே சொன்னாள்: "மரியாதைன்னா கொஞ்சம் தள்ளி நிக்கறது போல. எங்க ஊட்டு மாமனார் எதிர்ல நான் நிக்கறேன் பாரு, அப்பிடி."

அந்த விளக்கத்தை நான் முப்பத்தோரு வருஷமும் வகுப்பில் என்னுடையது மாதிரி சொல்லிவந்தேன்.

'வுட் யூ ப்ளீஸ் பிரிங் மை டாட்டர்?' தயவுசெய்து என் மகளை அழைத்து வரச்செய்வீர்களா? இதுதான் நாங்கள் முடிவு செய்த வாக்கியம். தமிழ் எழுத்தில் ஒரு மருந்துப் பொட்டலத் தாளின் பின்பக்கம் எழுதிக்கொடுத்தேன். தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். முதல் வாரம் 'பிரிங்' வராமல் 'பிராட்' வந்தது. "வுட் போன காலம்னா இதுவும் போன காலத்துலதான வரணும்?" என்று என்னோடு மல்லுக்கு நின்றாள். வராது, அந்த இடத்தில் வினைச்சொல் வெறுமனேதான் நிற்கும் என்று நான் அடம்பிடித்தேன். இருவரும் சிரித்த சிரிப்பில் அவளுக்கு இருமல் வந்து, நர்ஸ் ஓடிவந்து என்னைத் திட்டினாள்.

என் முகத்தைப் பார்த்துச் சொல்லிப் பழகச் சொன்னால் அக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும். அதனால் கட்டிலின் தலைமாட்டு இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அதனிடம் சொல்லிப் பழகினாள். நான் ஒன்றும் நினைக்கவில்லை. இரண்டு ஞாயிறு இப்படிப் போனது. இரண்டு தடவையும் டாக்டரம்மா எங்களைக் கடந்து போகும்போது கிராமர் புத்தகத்தைப் பார்த்துப் புன்னகை செய்தார். "லெஸன்ஸ்?" என்றார் ஒரு தடவை. "யெஸ், டாக்டர்" என்று நான் எழுந்து நின்றேன். "இன்னிக்கு வேணாம், இன்னும் ஒரு வாரம் பழகிக்கறேன்" என்று அக்கா அப்போதெல்லாம் பின்வாங்கினாள். அதற்குள் அவள் மெலிந்துகொண்டே வந்தாள். கை வளையல் முழங்கைவரை ஏறி இறங்கியது.

மூன்றாவது ஞாயிறு அக்கா தலை வாரி, நெற்றிக்கு இட்டுக்கொண்டு, சாய்ந்து உட்கார்ந்து காத்திருந்தாள். "இன்னிக்குக் கேட்டுடறேன்" என்றாள். டாக்டரம்மா வந்தார். நாடியைப் பார்த்தார், நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்தார், அட்டையில் எழுதினார். அக்கா என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன், கேள் என்று.

அவள் டாக்டரம்மாவின் முகத்தைப் பார்க்கத்தான் நிமிர்ந்தாள். நான் பார்த்தேன், சத்தியமாக நிமிர்ந்தாள். ஆனால் பெரியவர்கள் எதிரில் நின்று எதையும் கேட்டுப் பழகாத உடம்பு அது. கழுத்து தானாகத் திரும்பிவிட்டது. கை தலைமாட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டது. கம்பியைப் பார்த்து, ஒரு எழுத்து பிசகாமல், "வுட் யூ ப்ளீஸ் பிரிங் மை டாட்டர்?" என்றாள்.

டாக்டரம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. "எக்ஸலண்ட்!" என்றார். கையைத் தட்டினார். பக்கத்துக் கட்டில்காரி என்னவோ ஏதோ என்று எழுந்து உட்கார்ந்தாள். டாக்டரம்மா என் பக்கம் திரும்பி, நீதான் சொல்லிக்கொடுத்தாயா, நீ நல்ல டீச்சராக வருவாய் என்று இங்கிலீஷில் சொன்னார். என் தோளில் ஒரு தட்டு தட்டினார். அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

நான் என்ன செய்தேன்? பல்லை இளித்துக்கொண்டு நின்றேன். "தேங்க் யூ, டாக்டர்" என்றேன். என் வாழ்க்கையில் ஒரு வெள்ளைக்கார டாக்டர் என் இங்கிலீஷைப் புகழ்ந்தது அதுதான் முதல் தடவை. நெஞ்சு விம்மிப்போய் நின்றேன், சனியன் பிடித்தவள். அது பாடம் இல்லை டாக்டர், நிஜமாகவே கேட்கிறாள் என்று சொல்ல எத்தனை நேரம் ஆகியிருக்கும்? அந்தம்மாள் இன்னும் நாலு கட்டில் தூரத்தில்தான் இருந்தார்.

அக்கா என் புடவைத் தலைப்பை இழுத்தாள். "இன்னாடி சொன்னாங்க? சீட்டு எழுதறாங்களாமா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வராந்தாவுக்கு ஓடினேன். டாக்டரம்மா ஆண்கள் வார்டுக்குள் போய்விட்டார். உள்ளே விடமாட்டேன் என்று வாட்ச்மேன் கையை நீட்டினான். அங்கேயே உட்கார்ந்து காத்திருக்கலாம். ஆனால் அன்றைக்குத் திருப்பதிக்குத் திரும்ப இன்னும் ஒரே ஒரு பஸ்தான் பாக்கி, திங்கட்கிழமை எனக்குப் பரீட்சை. திரும்பி வந்து அக்காவிடம், "அடுத்த ஞாயித்துக்கிழமை பார்த்துச் சொல்றேன்னாங்க" என்றேன்.

"அடுத்த வாரமா?" என்றாள். "சரி. எட்டு நாள்தான." சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவள் நம்பினாளா இல்லையா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

அடுத்த ஞாயிறு பஸ் ஓடவில்லை. எல்லைத் தகராறில் மறியல், ரோட்டில் மரத்தை வெட்டிப் போட்டிருக்கிறார்கள் என்று பஸ் ஸ்டாண்டில் சொன்னார்கள். நடந்தே போயிருக்கலாமே என்று இப்போது தோன்றுகிறது. திருமலைக்கு மொட்டை வெயிலில் அலிபிரியிலிருந்து படியேறிப் போகிறவர்கள் இல்லையா? அன்றைக்கு நான் ஹாஸ்டலுக்குத் திரும்பிப் போய்த் துணி துவைத்தேன்.

அதற்கடுத்த ஞாயிறு நான் போனபோது கட்டிலில் மெத்தை இல்லை. கம்பிகளை ஒருத்தி பினாயில் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தாள். முந்தின நாள் காலையில் முடிந்துவிட்டது, நகரிக்குத் தந்தி போயிருக்கிறது என்றார்கள். மெத்தை, தலையணை, அவள் துணி எல்லாவற்றையும் வழக்கப்படி பின்பக்கம் போட்டு எரித்துவிட்டிருந்தார்கள். தலையணைக்கு அடியில் இருந்த தாளும் அதோடு போயிற்று.

டாக்டரம்மா என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரவைத்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார். எவ்வளவு புத்திசாலி, எவ்வளவு அழகாகச் சொன்னாள் என்றார். பிறகு, "அவளுக்குக் குழந்தைகள் உண்டா?" என்று கேட்டார்.

"ஒரு மகள், டாக்டர்."

அந்தம்மாள் என் கையை விடாமல், மறுகையால் கண்ணாடியைக் கழற்றினார். "பார்க்க வேண்டும் என்று ஏன் கேட்கவே இல்லை? கட்டிலை வேப்ப மரத்தடிக்குக் கொண்டுபோய்ப் போட்டிருப்பேனே. எத்தனை பேருக்குச் செய்திருக்கிறேன்" என்றார். அப்புறம் எதையோ நினைத்துக்கொண்டவர் மாதிரி என்னை உற்றுப் பார்த்து, மெதுவாகக் கேட்டார்: "அன்றைக்கு அவள் சொன்ன வாக்கியம்... அது புத்தகத்தில் இருந்ததுதானே?"

"ஆமாம், டாக்டர். பாடம்தான்" என்றேன்.

அவர் மனசு நோகக்கூடாது என்று சொன்னதாக வெகுகாலம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கிடையாது. இல்லை என்று சொன்னால், அப்படியானால் நீ ஏன் சொல்லவில்லை என்று அடுத்த கேள்வி வரும். அதற்குப் பயந்தேன்.

காரியத்துக்கு நகரி போனேன். வந்தவர்கள் முன்னால் மாமனார் அழுதார், நிஜமாகவே அழுதார். "ஆஸ்பத்திரிக்குப் போனவ போனவதான். பெத்த புள்ளைய ஒரு தபா, ஒரே ஒரு தபா கேட்டிருப்பாளா?" என்றார். தூண் அங்கேதான் நின்றது. நானும் அங்கேதான் நின்றேன். தூணாவது வாயில்லாதது.

குழந்தை அந்த வீட்டில்தான் வளர்ந்தாள். எல்லை ஒருவழியாகத் தீர்ந்து, திருத்தணி மதராஸ் பக்கம் போயிற்று, நகரி ஆந்திராவிலேயே நின்றது. அவளைத் திருத்தணியில் கட்டிக்கொடுத்தார்கள். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, திருப்பதியிலேயே வேலை பார்த்துத் திருப்பதியிலேயே நின்றுவிட்டேன். அவள் எப்போதாவது வருவாள். "சின்னம்மா" என்று பாசமாகத்தான் இருப்பாள். ஆனால் அவள் அம்மா பேச்சு வந்தால் எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவுவாள். என்னைப் பார்க்கணும் என்றுகூடக் கேட்காமல் செத்துப்போனவளைப் பற்றி எனக்கென்ன என்று ஒரு தடவை சொன்னாள். அப்போதாவது நான் சொல்லியிருக்க வேண்டும். அவள் கேட்டாள் என்று சொன்னால், அவள் கேட்டதை நான் பாழாக்கியதையும் சேர்த்துச் சொல்ல வேண்டுமே. வாயை மூடிக்கொண்டு காபி கலந்தேன்.

தன் மகளுக்கு மூன்று வயது முடிந்து மொட்டை போட அவள் திருமலைக்கு வந்தாள். மறுநாள் காலை என் வீட்டில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு தலைக்குச் சந்தனம் பூசிக்கொண்டிருந்தாள். நான் எதிரில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். திடீரென்று, என்னைப் பார்க்காமல், குழந்தையின் மொட்டைத் தலையைப் பார்த்து, "சின்ன ஆயாவைக் கேளுடி. அம்மாவோட அம்மா சாவறதுக்கு முன்னாடி அம்மாவைக் கேட்டாங்களாமான்னு கேளு" என்றாள்.

அந்த வீட்டில் வளர்ந்தவள் வேறு எப்படிக் கேட்பாள்? அதற்கென்ன தெரியும், குழந்தை தன் கால் கொலுசை இழுத்துக்கொண்டிருந்தது. காதில் விழாத மாதிரி நான் கீரையை ஆய்ந்துகொண்டே இருந்திருக்கலாம். அப்படி இருந்துவிடுவதற்காகவே ஏற்பட்ட பேச்சுதானே அது. ஆனால் என் கை நின்றுவிட்டது.

"கேட்டாம்மா" என்றேன். "இங்கிலீஷ்ல கேட்டா. மூணு வாரம் பழகிக் கேட்டா."

அந்த வாக்கியத்தைச் சொன்னேன். வகுப்பில் எத்தனை ஆயிரம் வாக்கியம் சொல்லியிருக்கிறேன், இதை மட்டும் ஒரு நாளும் சொன்னதில்லை. அவள் ஹைஸ்கூல் வரை படித்தவள், அவளுக்குப் புரிந்தது. சந்தனக் கையைக் குழந்தையின் தலையிலிருந்து எடுத்தாள். பிறகு, அவள் வாழ்க்கையிலேயே முதல் தடவை என்று நினைக்கிறேன், என் முகத்துக்கு நேராக நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்ப ஏன் சின்னம்மா என்னிய யாரும் இட்டுக்கினு போவல?"

சொன்னேன். டாக்டரம்மா கை தட்டியது, நான் பல்லை இளித்தது, ஹாஸ்டலுக்குத் திரும்பிப் போய்த் துணி துவைத்தது, பாடம்தான் என்று புளுகியது, காரியத்தன்று வாயை மூடிக்கொண்டு நின்றது, ஒன்று விடாமல் சொன்னேன். அவள் அழுவாள், திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எழுந்து கையைக் கழுவினாள். பையை எடுத்தாள். குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, நிலைக்கதவின் கட்டையைப் பார்த்து, "போய்ட்டு வராங்களாம்" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் வரவில்லை. அந்தக் குழந்தை இப்போது காலேஜில் படிக்கிறதாம், யாரோ சொன்னார்கள். மாதம் ஒரு கார்டு போடுகிறேன் திருத்தணிக்கு. தயவுசெய்து, முடிந்தால், சௌகரியப்பட்டால் என்று நான் கற்றுக்கொடுத்த மரியாதை எதையும் அதில் எழுதுவதில்லை. ஒருமுறை வந்து என் மூஞ்சியைப் பார்த்துத் திட்டிவிட்டுப் போ என்று எழுதுகிறேன். பதில் வரவில்லை.